பைபாஸ் முடிந்த நெஞ்சை மறுபடி ஏன் திறக்கச் சொல்கிறார்கள்?

உங்கள் அப்பாவுக்கு 64 வயது, பல வருடச் சர்க்கரை. பைபாஸ் முடிந்து 18 நாள் ஆகிறது. தையலின் கீழ்முனையில் முதலில் தண்ணீர் போலக் கசிந்தது, இப்போது சீழாக வருகிறது. இருமினால் நெஞ்சுக்குள் ‘கடக்’ என்று ஏதோ நகர்வதாகச் சொல்கிறார். நெஞ்சைத் திறந்து கம்பிகளை எடுக்க வேண்டும், சில நாள் உறிஞ்சும் மெஷின் வைக்க வேண்டும், அதன்பின் பிளாஸ்டிக் சர்ஜன் மார்புத் தசையை நகர்த்தி வைத்து மூடுவார் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். ஊசி மருந்திலேயே ஆற்ற முடியாதா, எலும்பை எடுத்துவிட்டால் அவர் எப்படி நடமாடுவார் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நேராகக் கேட்காத ஒன்றும் இதில் இருக்கிறது: இப்போதுதான் ஒரு பெரிய ஆபரேஷனைத் தாங்கிய உடம்பு இன்னொன்றைத் தாங்குமா? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அவருடைய புண்ணைத் தொட்டுப் பார்க்காமல், ஸ்கேனைப் பார்க்காமல், அவருக்கு இன்ன தேதியில் இன்ன ஆபரேஷன்தான் வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளுக்கு இப்படி ஒரு திட்டம் ஏன் வருகிறது என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும்.

பைபாஸுக்காக நெஞ்செலும்பை மேலிருந்து கீழாக நடுவில் ரம்பத்தால் இரண்டாகப் பிளக்கிறார்கள். வேலை முடிந்ததும் இரண்டு பாதியையும் சேர்த்து, பொதுவாக ஆறிலிருந்து எட்டு ஸ்டீல் கம்பிகளால் முறுக்கிக் கட்டுகிறார்கள். அந்த எலும்புக்குப் பெரும்பாலான ரத்தம், அதன் இரு ஓரங்களிலும் உட்புறமாக இறங்கும் உள்மார்புத் தமனிகளிலிருந்து வருகிறது. பைபாஸில் இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய்க்கு இணைப்பது பெரும்பாலும் இடது உள்மார்புத் தமனியைத்தான். டிஸ்சார்ஜ் தாளில் ‘லிமா’ என்று எழுதியிருப்பார்கள். இதயத்துக்கு அதைவிட நல்ல குழாய் கிடையாது, பல வருடம் அடைபடாமல் ஓடும். ஆனால் அதை எடுத்த பக்கத்தில் எலும்பின் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. சர்க்கரை, உடல் பருமன், புகைப்பழக்கம், நாள்பட்ட நுரையீரல் நோய், சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கசிவுக்காக அன்றிரவே மறுபடி திறந்தது, இரண்டு பக்கத் தமனிகளையும் எடுத்தது என்று இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் எலும்பு ஒட்டுவது தாமதமாகும். ஒட்டாத எலும்பு ஒவ்வொரு இருமலுக்கும் அசையும். கம்பி எலும்பை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். இடைவெளியில் நீர் தேங்கும், தேங்கிய நீரில் கிருமி பெருகும். சில சமயம் கிருமி முதலில் வந்து எலும்பைத் தளர்த்துவதும் உண்டு. எது முதலில் என்று பிறகு பிரித்துச் சொல்வது கடினம், இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்.

எல்லாக் கசிவும் இந்த வகை இல்லை. தோலுக்கும் அதன் கீழுள்ள கொழுப்புக்கும் மட்டுமான புண், தையல் நூலைச் சுற்றிய சின்னக் கட்டி ஆகியவை வேறு. எலும்பு அசையாமல் உறுதியாக இருந்தால் அவற்றைத் திறந்து சுத்தம் செய்து, டிரெஸ்ஸிங்கும் மருந்துமாக ஆற்றிவிடலாம். ஆழமான தொற்று, அதாவது எலும்பையும் அதன் பின்னால் இதயத்தைச் சுற்றிய இடத்தையும் பிடித்தது, நூறு திறந்த இதய ஆபரேஷன்களில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு வருகிறது. பெரும்பாலும் முதல் ஒரு மாதத்துக்குள், வீட்டுக்கு வந்தபின் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் தெரியும். அப்பாவுக்கு வந்த நாளும், கசிவோடு சேர்ந்த அந்தக் ‘கடக்’ சத்தமும் இந்தப் பக்கம்தான் காட்டுகின்றன. அசைகிற எலும்பும் சீழும் ஒன்றாக இருந்தால், வேறுவிதமாக நிரூபிக்கும்வரை அதை ஆழமான தொற்றாகவே எடுத்துக்கொள்வார்கள். டாக்டர் இரண்டு பக்கமும் விரல்களை வைத்து இருமச் சொல்லிப் பார்ப்பார். நீங்கள் வீட்டில் அழுத்திப் பார்க்காதீர்கள்.

சிடி ஸ்கேன் எடுத்தால் உறுதியாகிவிடாதா என்று தோன்றும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் ஸ்கேன் அவ்வளவு தெளிவாகப் பேசாது. தொற்றே இல்லாதவருக்கும் எலும்பின் பின்னால் கொஞ்சம் நீர், கொஞ்சம் காற்றுக் குமிழ் இருக்கும். நன்றாக ஆறிக்கொண்டிருப்பவரின் எலும்பிலும் மாதக்கணக்கில் பிளவுக்கோடு தெரியும். அதனால் ‘திரவம் தெரிகிறது’ என்ற ஒரு வரியை வைத்துப் பயப்பட வேண்டாம், ‘பெரிதாக ஒன்றும் இல்லை’ என்ற வரியை வைத்துத் தள்ளிப்போடவும் வேண்டாம். சீழ்ப்பை எங்கே, எவ்வளவு ஆழம், இதயம் எலும்பின் பின்புறத்தில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று ஆபரேஷனுக்கு வழி பார்ப்பதற்கே அது அதிகம் உதவும். சாதாரண எக்ஸ்ரேயில் வரிசையாக இருந்த கம்பிகள் பக்கவாட்டில் நகர்ந்திருப்பது பல சமயம் சிடியைவிட நேரடியான சாட்சி. டிஸ்சார்ஜ் நாளில் எடுத்த எக்ஸ்ரேயைக் கொண்டுபோய்க் கொடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது உடனே புரியும்.

இனி முதல் கேள்வி. மருந்து போகும் வழி ரத்தம் ஒன்றுதான். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து போகாது. செத்த எலும்பில் ரத்தம் இல்லை. விலா முனைக் குருத்தெலும்பில் இயல்பாகவே ரத்தக்குழாய் இல்லை. ஸ்டீல் கம்பியின் மேல் கிருமிகள் பிசுக்குப் படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும், அந்தப் படலத்துக்குள் மருந்து சரியாக வேலை செய்யாது. ரம்பம் போட்ட எலும்பு ஓரத்தில் ரத்தத்தை நிறுத்த மெழுகு தடவியிருந்தால் அதுவும் கிருமிக்கு இருப்பிடம். ஊசி மருந்து காய்ச்சலை இறக்கும், ரத்தத்தில் பரவுவதைத் தடுக்கும், இரண்டு நாளில் முகம் தெளிவாகும். அந்த முன்னேற்றத்தைப் பார்த்து ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் குடும்பங்கள் செய்யும் பெரிய தவறு. சீழ் இருக்கும் இடம் இதயத்துக்கு ஒரு விரற்கடை தூரம். அது பைபாஸ் குழாயின் தையலையோ மகாதமனியின் தையலையோ அரித்தால் ரத்தம் பீறிடும், அப்போது செய்வதற்கு நேரம் இருக்காது.

இந்த வைத்தியம் ஒரே நாளில் இங்கு வந்து சேரவில்லை. 1960-களுக்கு முன் புண்ணைத் திறந்து பஞ்சை அடைத்துக் காத்திருந்தார்கள், பாதிக்குப் பாதி இழப்பும் உண்டு. 1963-இல் சுத்தம் செய்து மூடி, குழாய் வழியாக மருந்து நீரால் கழுவிக்கொண்டே இருக்கும் முறை வந்தது. 1976-இல் வயிற்றிலிருந்து ஓமெண்டம் என்ற கொழுப்புத் திரையைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். 1980-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜுர்கேவிச் குழு, தசையால் நிரப்பி மூடுவதை முறையாக எழுதியது. உறிஞ்சும் டிரெஸ்ஸிங் 1990-களின் கடைசியில் சேர்ந்தது. எல்லாவற்றிலும் ஓடும் எண்ணம் ஒன்றே: செத்ததை எடு, அந்தப் பள்ளத்தில் ரத்தம் ஓடும் சதையை வை. பிளாஸ்டிக் சர்ஜன் என்றதும் அழகுக்கான வேலை என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அந்தத் தசை மருந்தையும் வெள்ளை அணுக்களையும் புண்ணுக்குள் கொண்டுபோகும் வாய்க்கால்.

முதல் ஆபரேஷன் இப்படி நடக்கும். முழு மயக்கம். பழைய தையல் முழுதும் திறக்கப்படும், கசிந்த இடத்தில் மட்டும் சின்னத் துளை போட்டுப் பார்ப்பது போதாது. கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டி, அதன் வளைவின் போக்கிலேயே ஒரு பக்கமாக உருவ வேண்டும். வெட்டிய கம்பியின் முனை கூர்மையானது, நேராக இழுத்தால் பின்னால் இருக்கும் இதயத்தைக் கிழிக்கும். எலும்புக்கு நேர் பின்னால் இருப்பது இதயத்தின் வலது கீழறை. அதன் சுவர் சில மில்லிமீட்டர் தடிமன்தான். இரண்டு வாரத்தில் அது எலும்பின் பின்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எலும்பின் பாதிகளை வேகமாக விரித்தால் அந்தச் சுவர் கிழியும். அதனால்தான் இந்த ஆபரேஷனை இதய சர்ஜன் இருக்கும் தியேட்டரில், ரத்தம் தயாராக வைத்து, இதய-நுரையீரல் இயந்திரமும் அதை இயக்குபவரும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்படி செய்வார்கள். அப்பாவுக்கு அந்த ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்பதில் தப்பே இல்லை.

கம்பிகள் போனபின் செத்த எலும்பைச் சுரண்டி எடுப்பார்கள். எதுவரை? வெட்டிய முகத்தில் புள்ளிப் புள்ளியாகப் புது ரத்தம் கசியும்வரை. சாம்பல் நிறமாகவோ மஞ்சளாகவோ, ரத்தமில்லாமல் உளுத்துப் பொடிகிற எலும்பு இருக்கக் கூடாது. சீழில் நனைந்த குருத்தெலும்பு இருந்தால் விலா எலும்பில் நல்ல பகுதி வரும்வரை அதையும் எடுக்க வேண்டும். இதில் தயங்கி மிச்சம் வைப்பதே பின்னாளில் மறுபடி மறுபடி சீழ் வைப்பதற்கு முக்கியக் காரணம். மெழுகு, பழைய நூல், துடிப்பைச் சீராக்க இதயத்தில் விட்டிருந்த பேஸிங் கம்பியின் துண்டு எல்லாம் வெளியே வர வேண்டும். ஆழத்திலிருந்து சதையும் எலும்புமாகப் பல துண்டுகள் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, போக வேண்டும். தோல் மேல் பஞ்சால் தடவி அனுப்பியதில் தோலிலேயே வாழும் கிருமிதான் வளரும், அதை நம்பி ஆறு வாரம் மருந்து கொடுக்க முடியாது. நம் ஊரில் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: அதே துண்டுகளைப் பூஞ்சைக்கும், காசநோய்க் கிருமிக்கும், காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியாவுக்கும் அனுப்பினார்களா? அந்தக் கடைசி வகை சாதாரண கல்ச்சரில் இரண்டு மூன்று நாளில் ‘வளர்ச்சி இல்லை’ என்றே வரும். ஒரு வாரம், சிலவற்றுக்கு ஆறு எட்டு வாரம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு உறிஞ்சும் மெஷின். வாக் என்பார்கள். பள்ளத்தில் துளைகள் நிறைந்த ஸ்பாஞ்சை வெட்டி வைத்து, மேலே ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி, ஒரு குழாயால் மெஷினில் இணைப்பார்கள். அளவு பொதுவாக மைனஸ் 125 மில்லிமீட்டர் பாதரசம். சில மையங்களில் மைனஸ் 75-இல் தொடங்குவார்கள். கசிவு டப்பாவுக்குப் போகிறது, வீக்கம் வற்றுகிறது, பள்ளம் சுருங்குகிறது, சிவந்த புதுச் சதை முளைக்கிறது. பிளந்த நெஞ்சுக்கூடு ஓரளவு ஒன்றாகப் பிடிக்கப்படுவதால், வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சுவிடவும் எழுந்து நாற்காலியில் உட்காரவும் முடிகிறது. 48-இலிருந்து 72 மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்பாஞ்சை மாற்றுவார்கள், ஆழமான புண்ணுக்கு அது தியேட்டரில்தான் நடக்க வேண்டும்.

இந்த மெஷினுக்கு ஆபத்தான பக்கமும் உண்டு. ஸ்பாஞ்சை நேராக இதயத்தின் மேலோ பைபாஸ் குழாயின் மேலோ வைக்கவே கூடாது. நடுவில் பாரஃபின் தடவிய வலைத்துணியோ சிலிக்கான் தாளோ பல அடுக்குப் போட வேண்டும். எலும்பின் பின்புறம் ஒட்டியிருக்கும் இதயத்தை இரு பக்கமும் சில சென்டிமீட்டருக்குப் பிரித்துவிட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உறிஞ்சும்போது இதயம் முன்னே இழுபட்டு, எலும்பின் கூரான ஓரத்தில் உரசிக் கிழிய வாய்ப்புண்டு. உறிஞ்சும் டிரெஸ்ஸிங்கால் நடந்த ரத்தப்போக்கு மரணங்கள் குறித்து அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009-லும் 2011-லும் எச்சரிக்கை வெளியிட்டது. இது அரிதானது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தெரிந்திருக்க வேண்டியது. டப்பாவிலும் குழாயிலும் வருவது இளஞ்சிவப்பு நீராகவோ கலங்கிய மஞ்சளாகவோ இருக்கலாம். பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வேகமாக வந்தால் உடனே மெஷினை நிறுத்தி, டிரெஸ்ஸிங்கைப் பிரிக்காமல், சத்தம் போட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். நெஞ்செலும்பு திறந்திருக்கும் நிலையில் இந்த மெஷினோடு வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். உள்ளே எத்தனை துண்டு ஸ்பாஞ்ச் வைத்தார்கள் என்பதை டிரெஸ்ஸிங் தாளின் மேலேயே பேனாவால் எழுதியிருப்பார்கள், எழுதாவிட்டால் எழுதச் சொல்லுங்கள். ஒரு துண்டு உள்ளே தங்கினாலும் புண் ஆறாது.

எத்தனை நாள் இப்படி? பலருக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு இறங்கிக்கொண்டே வர வேண்டும், காய்ச்சல் நிற்க வேண்டும், பள்ளத்தின் தரை முழுதும் மாதுளை முத்து போலச் சிவந்த சதை பரவியிருக்க வேண்டும். கல்ச்சர் முழுக்கச் சுத்தமாக வரும்வரை காத்திருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நாள் நீளநீள இதயத்தின் மேல் சதை தடித்து ஒட்டி, அடுத்த வேலை கடினமாகும். சில மையங்களில் மெஷினே வைக்காமல், சுத்தம் செய்த அன்றே தசையை வைத்து மூடிவிடுகிறார்கள். எது மேல் என்பது இன்னும் முடிவாகாத விவாதம். இருக்கும் தரவு பெரும்பாலும் ஒவ்வொரு மையமும் தன் பழைய நோயாளிகளைத் திரும்பிப் பார்த்து எழுதியவை. கடும் சீழும், ஐசியூவில் தடுமாறும் உடம்புமாக இருப்பவருக்கு இரண்டு கட்டமாகச் செய்வது பாதுகாப்பானது என்பது என் கணிப்பு. சீக்கிரம் பிடிபட்டு, சீழ் குறைவாக, எலும்பு நன்றாக இருந்தால் ஒரே கட்டமும் சரிதான். அப்படிப்பட்டவருக்குத் தசை இல்லாமல் மறுபடி கம்பி கட்டியே முடிக்கவும் முடியும். நெஞ்செலும்பின் இரு ஓரங்களிலும் நெடுக்காகக் கம்பியை விலாக்களைச் சுற்றி நெய்து, அதன்மேல் குறுக்குக் கம்பி போடும் ரோபிசெக் முறை இதற்குத்தான். டைட்டேனியம் தகடு வைப்பதானால் தொற்று அடங்கியபின்தான். சீழுக்குள் தகடு வைத்தால் கிருமிக்குப் புது வீடு கட்டிக்கொடுத்தது போலாகும்.

தசை என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் மார்பின் இரு பக்கமும் விசிறி போல விரிந்திருக்கும் பெக்டொராலிஸ் மேஜர். அதற்கு முக்கிய ரத்தக்குழாய் காறை எலும்பின் நடுப்பகுதிக்குக் கீழே, தசையின் உட்புறமாக நுழைகிறது. ‘லிமா’ எடுத்திருந்தாலும் அந்தக் குழாய்க்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதனால் தசையை நெஞ்செலும்பிலிருந்தும் விலாக்களிலிருந்தும் பிரித்து, அந்தக் குழாயை அச்சாக வைத்து நடுவுக்கு நகர்த்தி, இரண்டு பக்கத்தையும் பள்ளத்துக்குள் இறக்கித் தைப்பார்கள். நீளம் போதாவிட்டால் தோள் பக்கம் மேற்கை எலும்பில் பிடித்திருக்கும் முனையையும் வெட்டிவிடுவார்கள். புத்தகம் திருப்புவது போலத் தசையைப் புரட்டிப் போடும் இன்னொரு வகை உண்டு. அதற்கு ரத்தம் நெஞ்செலும்பு ஓரத்தில் இருந்து, அதாவது உள்மார்புத் தமனியின் கிளைகளிலிருந்து வருகிறது. லிமா எடுத்த பக்கத்தில் அந்த வகையைச் செய்தால் தசை செத்துப்போகும். இதனால்தான் பிளாஸ்டிக் சர்ஜன் முதலில் பைபாஸ் ஆபரேஷன் குறிப்பைக் கேட்பார். பைபாஸ் வேறு மருத்துவமனையில் நடந்திருந்தால் அந்தக் குறிப்பின் நகலை இன்றே வாங்கி வையுங்கள்.

மார்புத் தசைக்கு ஒரு குறை, நெஞ்செலும்பின் கீழ் மூன்றிலொரு பங்குக்கு அது சரியாக எட்டாது. கசிவும் பெரும்பாலும் அங்கேதான். அங்கே வெற்றிடம் விட்டு மேலே தோலை மட்டும் தைத்தால், நீர் தேங்கி, இரண்டு வாரத்தில் அதே இடம் மறுபடி திறக்கும். அதை நிரப்ப ஓமெண்டத்தைக் கொண்டுவரலாம். குடலின் முன்னால் ஏப்ரன் போலத் தொங்கும் கொழுப்புத் திரை அது. ரத்தக்குழாய்கள் நிறைந்தது, எந்த மூலை முடுக்குக்கும் வளைந்து போகும், தொற்றை அடக்குவதில் தசையைவிட மேல் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் வயிற்றைத் திறக்க வேண்டும், பின்னாளில் மேல்வயிற்றில் குடலிறக்கம் வரலாம், முன்பே வயிற்று ஆபரேஷன் நடந்திருந்தால் அது ஒட்டிச் சுருங்கிப் போயிருக்கலாம். இன்னொரு வழி வயிற்றின் நடுவில் நெடுக்காக ஓடும் ரெக்டஸ் தசையை மேலே புரட்டுவது. அதன் மேல்முனை ரத்தம் உள்மார்புத் தமனியின் தொடர்ச்சி, ஆகவே லிமா எடுத்திருந்தால் வலப்பக்கத் தசையையே எடுப்பார்கள். எல்லாம் கைவிட்டால் முதுகின் லாட்டிசிமஸ் தசை இருக்கிறது.

இந்த ஆபரேஷனுக்குப் பின் அதிகம் தப்பாகப் போவது தசைக்கும் தோலுக்கும் கீழே ரத்தமும் நீரும் தேங்குவதுதான். அதற்காக இரண்டிலிருந்து நான்கு உறிஞ்சு குழாய்கள் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு குழாயிலும் 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே வந்தபின்தான் எடுப்பது வழக்கம். தூக்கி நடக்கச் சங்கடமாக இருக்கிறது என்று முன்கூட்டியே எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ரத்தக் கட்டியைத் தடுக்கும் குளோபிடோக்ரல், ஆஸ்பிரின் சாப்பிடுபவருக்கு ரத்தம் தேங்கும் வாய்ப்பு கூடுதல். எதை எப்போது நிறுத்தித் தொடங்குவது என்பதை இதய டாக்டரும் பிளாஸ்டிக் சர்ஜனும் பேசி எழுதித் தர வேண்டும், நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். படுக்கையிலிருந்து எழும்போது கைகளை ஊன்றித் தள்ளாமல் ஒருக்களித்து எழ வேண்டும். இருமும்போது ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். மூச்சுப் பயிற்சிக் கருவியில் மணிக்கு ஒருமுறை மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதுவும் தூக்கக் கூடாது.

எலும்பு இல்லாமல் வாழ முடியுமா? முடியும். முழு நெஞ்செலும்பும் போனவர்களும் நடக்கிறார்கள், மாடிப்படி ஏறுகிறார்கள், சொந்த வேலையைச் சொந்தமாகச் செய்கிறார்கள். தசையும் வடுவும் சேர்ந்து சில மாதத்தில் தடித்த தோற்பலகை போல இறுகிவிடும். முதல் வாரங்களில் மூச்சை இழுக்கும்போது நடு நெஞ்சு உள்ளே போய், விடும்போது வெளியே வருவது தெரியும், பார்க்கப் பயமாக இருக்கும். அது மெல்ல மெல்லக் குறையும். எதையாவது அழுத்தித் தள்ளும் பலம் முன்போல இருக்காது. தோளில் இறுக்கம், நெஞ்சில் மரத்துப்போன பட்டை, குளிரில் வலி ஆகியவை சிலருக்கு நீண்ட நாள் நிற்கும். கனமான உடல் உழைப்பு செய்பவருக்கும், முன்பே நுரையீரல் பலவீனமானவருக்கும் இதன் பாரம் கூடுதலாகத் தெரியும். அப்படிப்பட்டவருக்குப் பிறகு, தொற்று முழுக்க ஓய்ந்தபின், தகடு வைத்து உறுதியாக்குவதைப் பேசலாம்.

மருந்து கடைசிச் சுத்தம் செய்த நாளிலிருந்து பொதுவாக ஆறு வாரம். செயற்கை வால்வு இருந்தால் அந்தக் கணக்கே வேறு. கிருமி ஸ்டாஃப் ஆரியஸின் சாதாரண வகையாக இருந்தால் செஃபசோலின் அல்லது குளோக்சசிலின், மெத்திசிலின் எதிர்ப்பு வகையாக இருந்தால் வான்கோமைசின். நம் மருத்துவமனைகளில் கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்றவையும் அடிக்கடி வரும், அவற்றுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் சிறுநீரகத்தைத் தொடும். வாரத்துக்கு இரண்டு முறையாவது கிரியேட்டினின் பாருங்கள். அப்பா ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினோ அசிட்ரோமோ சாப்பிடுபவராக இருந்தால் இதை மறக்காதீர்கள்: ரிஃபாம்பிசின் தொடங்கினால் ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் இறங்கும், கிளாரித்ரோமைசின் தொடங்கினால் ஏறும். கிளாரித்ரோமைசினோடு சில கொழுப்பு மாத்திரைகள் சேர்ந்தால் தசை பாதிக்கும். புது மருந்து சேர்க்கும் ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைக் காட்டுங்கள்.

சர்க்கரையை 140-க்கும் 180-க்கும் நடுவில் வைக்க, மருத்துவமனையில் இருக்கும்வரை இன்சுலின்தான் நல்லது. சாப்பாட்டில்தான் நம் வீடுகளில் பெரிய பிழை நடக்கிறது. புண் சீழ் பிடிக்கும் என்று முட்டை, மீன், கோழி, பருப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் கொடுப்பார்கள். மாவுச்சத்து மட்டும் போய்ச் சர்க்கரை ஏறும், சதை முளைக்கப் புரதம் இருக்காது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இந்தச் சமயத்தில் நாளைக்குக் கிட்டத்தட்ட 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறு ஏழு கிராம், நூறு கிராம் மீனிலோ கோழியிலோ இருபதுக்கு மேல். கூட்டிப் பார்த்தால் கஞ்சி எவ்வளவு பற்றாது என்பது புரியும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

உடம்பு தாங்குமா என்பதற்கு நேர்மையான பதில்: ஆபத்து உண்டு. இன்றைய நல்ல மையங்களிலும் ஆழமான தொற்று வந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் பிழைப்பதில்லை. இதயத்தின் பம்ப் செய்யும் திறன் குறைந்தவர், டயாலிசிஸில் இருப்பவர், வென்டிலேட்டரில் நாள்கணக்கில் கிடப்பவர் ஆகியோருக்கு அது இன்னும் கூடும். ஆனால் நீங்கள் ஒப்பிட வேண்டியது ஆபரேஷன் செய்த அப்பாவையும் நலமாக இருக்கும் அப்பாவையும் இல்லை. சீழை உள்ளேயே வைத்திருக்கும் அப்பாவோடுதான் ஒப்பிட வேண்டும். பைபாஸ் குழாய்கள் நன்றாக ஓடுவதால் அவருடைய இதயம் ஒரு மாதத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது மயக்க மருந்தைத் தாங்கும் நிலையில் இருக்கவும் கூடும். எக்கோ எடுத்து அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

எல்லாம் ஆறி வீட்டுக்கு வந்து, ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, வடுவின் மேல் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு பொத்தல் தெரியலாம். இரண்டு நாள் ஒரு சொட்டு வரும், பிறகு பொருக்குத் தட்டி மூடிக்கொள்ளும், மறுபடி திறக்கும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. களிம்பு தடவி அதை மூட வைக்காதீர்கள். உள்ளே ஒரு துண்டு குருத்தெலும்போ மெழுகோ கம்பியோ இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அந்த நிலையில் சிடி தெளிவாகப் பேசும், தேவைப்பட்டால் பெட் ஸ்கேனும் உண்டு. ஆபரேஷன் செய்த இடத்துக்கே, பழைய கல்ச்சர் முடிவுகளோடு, அந்த வாரமே கூட்டிப் போங்கள்.